கலிஃபோர்னியாவின் 10ஆம் செனட் தொகுதி: இரண்டு கவுண்டிகளுக்குச் சேர்த்து ஒரே உறுப்பினர் ஏன்?

வளைகுடாவாசி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். அண்மையில் யூனியன் சிட்டியிலிருந்து சான்டா கிளாரா நகருக்கு வீடு மாறினோம். வாக்காளர் பதிவில் புதிய முகவரியைக் கொடுத்த பிறகு, இனி எங்களுக்குரிய பிரதிநிதிகள் யார் யார் என்று தேடிப் பார்த்தேன். அலமீடா கவுண்டியை (கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் போன்றது) விட்டு வந்துவிட்டதால் கவுண்டி மேற்பார்வையாளர், நகர மன்றம், பள்ளி வாரியம், மாநிலக் கீழவை உறுப்பினர் என எல்லாமே மாறிவிட்டன. மாநில செனட்டில் மட்டும் பழைய 10ஆம் தொகுதியே தொடர்கிறது. உறுப்பினரும் அதே ஆயிஷா வஹாப்தான்.

நெரிசல் நேரத்தில் 880 நெடுஞ்சாலையில் ஊர்ந்து ஊர்ந்து போய்ச் சேர வேண்டிய இரண்டு ஊர்களை, அதுவும் வெவ்வேறு கவுண்டிகளில் இருப்பவற்றை, ஒரே தொகுதிக்குள் கொண்டுவந்ததற்கு என்ன காரணம்? ஒரு காலத்தில் கவுண்டிக்கு ஒரு செனட்டர் என்ற முறை இருந்ததாக அலுவலகத்தில் மூத்தவர் ஒருவர் சொன்னார். அது உண்மையா? உண்மையென்றால் ஏன் கைவிட்டார்கள்? இன்னொன்று: 2024 தேர்தலில் எங்கள் வாக்குச்சீட்டில் மாநில செனட் பதவியே இல்லை, பக்கத்துத் தொகுதி நண்பருக்கு இருந்தது. இவற்றின் பின்னணி தெரிந்தவர்கள் சற்று விரிவாகவே எழுதினால் மகிழ்வேன்.

நைல்ஸ்காரர்:

உங்கள் அலுவலக மூத்தவர் சொன்னது பெருமளவு சரி. ஆனால் அந்த முறை தொடக்கத்திலிருந்தே இருந்ததல்ல. இடையில் வந்து, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் நிலைத்து, பிறகு உச்ச நீதிமன்றத்தால் முடிவுக்கு வந்தது.

1879ஆம் ஆண்டின் மாநில அரசியலமைப்பு செனட்டுக்கு 40 இடங்களையும் கீழவைக்கு 80 இடங்களையும் வகுத்தது. இரண்டு அவைகளுமே மக்கள்தொகை அடிப்படையில் அமைந்தவை. 1920களில் லாஸ் ஏஞ்சலஸ் கட்டுக்கடங்காமல் வளரத் தொடங்கியதும், இப்படியே போனால் சட்டமன்றம் முழுவதும் தெற்கின் கைக்குப் போய்விடும் என்ற அச்சம் வடக்கிலிருந்த வேளாண் கவுண்டிகளுக்கு ஏற்பட்டது. சான் ஃபிரான்சிஸ்கோ வணிகர்களுக்கும் அந்த அச்சம் இருந்தது என்பதால், இதை வெறும் கிராமம், நகரம் என்ற சண்டையாகப் பார்க்க முடியாது. 1926 நவம்பரில், மக்களின் நேரடி வாக்கெடுப்புக்கு வந்த 28ஆம் முன்மொழிவு வென்றது. அதன்படி கீழவை மக்கள்தொகைப்படியே தொடரும். செனட்டில் எந்தக் கவுண்டிக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட இடம் கிடையாது. ஒரு தொகுதியில் மூன்று கவுண்டிகளுக்கு மேல் சேர்க்கவும் கூடாது. மாநிலத்தில் 58 கவுண்டிகள், இடங்களோ 40. ஆகவே பெரிய கவுண்டிகளுக்குத் தலா ஒன்று, சிறியவை இரண்டாகவோ மூன்றாகவோ சேர்ந்து ஒன்று என்று ஆனது. அமெரிக்க செனட்டில் மாநிலங்களுக்குச் சம இடம் இருப்பதைப் பார்த்து அமைத்தது என்பதால் இதற்கு ஃபெடரல் திட்டம் என்ற பெயர் வந்தது.

இதன் விளைவை 1960 மக்கள்தொகைக் கணக்கில் பார்க்கலாம். லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் 60,38,771 பேர். அவர்களுக்கு ஒரு செனட்டர். கிழக்குச் சியர்ரா மலைப்பகுதியில் ஆல்பைன், இன்யோ, மோனோ ஆகிய மூன்று கவுண்டிகளையும் கூட்டினால் 14,294 பேர்; அவர்களுக்கும் ஒரு செனட்டர். அதாவது மலைப்பகுதியில் ஒருவருடைய வாக்குக்கு இருந்த எடை லாஸ் ஏஞ்சலசில் 422 பேர் சேர்ந்தால்தான் வரும். நம் பக்கத்தில் அலமீடா கவுண்டியில் 9 லட்சத்துக்குச் சற்று மேல், சான்டா கிளாரா கவுண்டியில் 6.4 லட்சம். இரண்டுக்கும் தலா ஒருவர். நீங்கள் அந்தக் காலத்தில் வீடு மாறியிருந்தால் செனட்டரும் கட்டாயம் மாறியிருப்பார்.

இதை மாற்றும் முயற்சிகள் 1948, 1960, 1962 ஆகிய ஆண்டுகளில் வாக்கெடுப்புக்கு வந்தன. மூன்று முறையும் மக்களே தோற்கடித்தார்கள். இதில் கவனிக்க வேண்டிய ஒருவர் ஏர்ல் வாரன். 1948இல் மாநில ஆளுநராக இருந்த அவர் பழைய முறையே தொடர வேண்டும் என்று வெளிப்படையாகப் பேசினார். அதே வாரன் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்து 1964 ஜூன் 15 அன்று, அலபாமாவிலிருந்து வந்த ரெனால்ட்ஸ் எதிர் சிம்ஸ் வழக்கில், மாநிலச் சட்டமன்றத்தின் இரண்டு அவைகளுமே மக்கள்தொகை அடிப்படையில்தான் அமைய வேண்டும் என்று தீர்ப்பெழுதினார். சட்டமன்ற உறுப்பினர்கள் மக்களுக்குத்தான் பிரதிநிதிகள், மரங்களுக்கோ ஏக்கர்களுக்கோ அல்லர் என்ற வரி அந்தத் தீர்ப்பில்தான் வருகிறது. அலபாமா செனட்டில் இருந்த ஏற்றத்தாழ்வு 41க்கு 1. வழக்கில் பெயர் கெட்டது என்னவோ அலபாமாவுக்கு; அதைவிடப் பத்து மடங்கு கோணலான கணக்கு வாரனின் சொந்த மாநிலத்தில் இருந்தது.

மக்களே வாக்களித்து ஏற்றுக்கொண்ட முறையை நீதிமன்றம் எப்படி ரத்துசெய்யலாம் என்ற கேள்வி எழுவது இயல்பு. அதே நாளில் கொலராடோ வழக்கில் அதற்கும் பதில் வந்துவிட்டது: பெரும்பான்மையினர் ஒப்புதல் தந்தார்கள் என்பதற்காக ஒரு தனிமனிதரின் சம வாக்குரிமையைக் குறைக்க முடியாது. கலிஃபோர்னியா 1965இல் புதிய எல்லைகளை வரைந்தது. 1966 தேர்தல் அவற்றின்படி நடந்தது. லாஸ் ஏஞ்சலஸ் ஒரே ஓர் இடத்திலிருந்து பத்துக்கும் மேற்பட்ட இடங்களுக்குத் தாவியது. கவுண்டி எல்லை என்பது அன்றிலிருந்து முடிந்தவரை மதிக்க வேண்டிய ஒன்று மட்டுமே. மீறக் கூடாத கோடு அல்ல.

கணக்குப்பிள்ளை:

நைல்ஸ்காரர் ஐயா வரலாற்றைச் சொல்லிவிட்டார். கோடு இந்த இடத்தில் விழுந்ததற்கான கணக்கை நான் சொல்கிறேன்.

2020 கணக்கெடுப்பில் மாநில மக்கள்தொகை 3,95,38,223. நாற்பதால் வகுத்தால் தொகுதிக்கு ஏறத்தாழ 9.88 லட்சம். அலமீடா கவுண்டியில் 16.82 லட்சம் பேர், அதாவது 1.7 தொகுதி. சான்டா கிளாராவில் 19.36 லட்சம், அதாவது இரண்டுக்குச் சற்றுக் குறைவு. எந்தக் கவுண்டியும் முழு எண்ணில் முடியவில்லை. ஓக்லாண்ட் பக்கம் ஒரு தொகுதி முழுதாக நிரம்பியதும் தெற்கு அலமீடாவில் மிஞ்சுபவர்களை யாருடனாவது சேர்த்தாக வேண்டும். மேற்கே வளைகுடா, கிழக்கே மலை. வழி திறந்திருப்பது தெற்கில்தான். ஹேவர்ட், யூனியன் சிட்டி, நியூவார்க், ஃப்ரீமாண்ட், மில்பிடாஸ், சான்டா கிளாரா ஆகிய ஆறு நகரங்களின் மக்கள்தொகையைக் கூட்டினால் 7.19 லட்சம் வருகிறது. மீதிக்கு சான் ஹோசேயின் வடபகுதியும் சான்டா கிளாராவை ஒட்டிய இடங்களும் தேவைப்பட்டன. இதில் சதி எதுவும் இல்லை, வகுத்தல் கணக்கின் மீதிதான் இருக்கிறது.

நம்மில் பலர் கவனிக்காத ஒன்றும் உண்டு. இந்த 9.88 லட்சம் என்பது வாக்காளர் எண்ணிக்கை அல்ல, தலைகளின் எண்ணிக்கை. எச்1பி விசாவில் இருப்பவர், பச்சை அட்டைக்காகக் காத்திருப்பவர், தொட்டிலில் கிடக்கும் குழந்தை எல்லோரும் இதில் அடக்கம். வாக்களிக்கத் தகுதியுள்ளவர்களை மட்டுமே எண்ண வேண்டும் என்று டெக்சாஸ் வாக்காளர்கள் இருவர் வழக்குத் தொடுத்தார்கள். அந்த எவன்வெல் வழக்கும் மாநில செனட் தொகுதிகளைப் பற்றியதுதான். மொத்த மக்கள்தொகையை வைத்தே பிரிக்கலாம் என்று 2016இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ஃப்ரீமாண்டில் வசிப்பவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். இதுபோன்ற ஒரு தொகுதியில் பிரதிநிதித்துவம் பெறுபவர்களுக்கும் வாக்குச்சாவடிக்குப் போகிறவர்களுக்கும் இடையே பெரிய இடைவெளி இருக்கும். வாக்களிக்க முடியாத ஒருவர் செனட்டர் அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்து மோட்டார் வாகனத் துறையில் சிக்கிய உரிமச் சிக்கலைச் சொல்வதற்கு முழு உரிமை உண்டு. அவரையும் எண்ணித்தான் தொகுதியே உருவானது.

2024 பற்றி: செனட் உறுப்பினர் பதவிக்காலம் நான்கு ஆண்டுகள், இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை பாதி இடங்களுக்குத் தேர்தல். இரட்டைப்படை எண்ணுள்ள தொகுதிகளுக்கு ஆளுநர் தேர்தல் ஆண்டில், அதாவது 2022, 2026இல். ஒற்றைப்படைக்குக் குடியரசுத் தலைவர் தேர்தல் ஆண்டில். உங்கள் நண்பரின் தொகுதி ஒற்றைப்படை எண்ணாக இருந்திருக்கும்.

இதில் ஒரு விபரீதமும் உண்டு. கணக்கெடுப்பை ஒட்டி எல்லைகளைத் திருத்தி வரைந்த 2021 மறுவரையறையின்போது இரட்டைப்படைத் தொகுதியிலிருந்து ஒற்றைப்படைத் தொகுதிக்குத் தள்ளப்பட்ட பகுதியினர் 2018இல் செனட்டுக்கு வாக்களித்தபின் 2024 வரை காத்திருந்தார்கள், ஆறு ஆண்டுகள். எதிர்த்திசையில் போனவர்களுக்கு 2020, 2022 என்று இரண்டே ஆண்டில் மீண்டும் வாய்ப்புக் கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் உறுப்பினரே இல்லாமல் போகும் பகுதிகளை ஏதாவது ஒரு செனட்டரின் பொறுப்பில் செனட் விதிக்குழு ஒப்படைக்கிறது. எண்களை இடும்போது இப்படிக் காத்திருப்போரின் தொகையைக் குறைப்பதற்கென்றே தனிக் கணக்குப் போடுகிறார்கள்.

வளைகுடாவாசி:

இருவருக்கும் மிக்க நன்றி. எல்லையை வரைவது யார் என்பதையும், இந்தத் தொகுதியில் இதுவரை இருந்தவர்களையும் பற்றிச் சொல்ல முடியுமா? ஹேவர்டுக்கும் சான்டா கிளாராவுக்கும் பொதுவாக ஏதாவது இருக்கிறதா என்பதுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

மில்பிடாஸ் மீனா:

பொதுவாக நிறையவே இருக்கிறது என்பது என் கருத்து. இந்தப் பகுதியின் தொழில் வரலாற்றைப் பார்த்தால் புரியும்.

இப்போதைய நகரங்களில் பல 1950களில் உருவானவை. மில்பிடாஸ் 1954இல் நகராட்சியானது, நியூவார்க் 1955இல். சென்டர்வில், நைல்ஸ், இர்விங்டன், மிஷன் சான் ஹோசே, வார்ம் ஸ்பிரிங்ஸ் ஆகிய ஐந்து ஊர்கள் 1956 ஜனவரியில் ஒன்றாகி ஃப்ரீமாண்ட் ஆயின. அல்வராடோவும் டெகோட்டோவும் சேர்ந்து 1959இல் உங்கள் யூனியன் சிட்டி. ஓலோனி பழங்குடி மக்களின் நிலத்தில் 1797இல் ஸ்பானியர் எழுப்பிய மிஷன், பிறகு பழத்தோட்டங்கள், ஹேவர்டில் தக்காளியும் பழமும் டப்பாவில் அடைக்கும் ஆலைகள் என்று இருந்த இடம் இது. அதன் பிறகு கார் ஆலைகள் வந்தன. மில்பிடாசில் 1955இல் தொடங்கி 1983இல் மூடிய ஃபோர்டு ஆலைதான் இன்றைய கிரேட் மால். ஃப்ரீமாண்டில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை 1982இல் மூடப்பட்டு, 1984 முதல் டொயோட்டாவுடன் கூட்டு நிறுவனமாகி, 2010இல் டெஸ்லாவின் கைக்கு வந்தது. ஒரு கவுண்டியில் ஆலை, மறு கவுண்டியில் வீடு என்று அன்றைக்கே மக்கள் அந்த எல்லையைத் தினமும் தாண்டிக்கொண்டுதான் இருந்தார்கள். 1972 முதல் ஃப்ரீமாண்டோடு நின்றிருந்த பார்ட் ரயில் 2017இல் வார்ம் ஸ்பிரிங்சுக்கும், 2020 ஜூனில் மில்பிடாஸ், பெர்ரியெசாவுக்கும் நீண்டது. தொகுதி வரைபடத்தையும் பார்ட் வரைபடத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மக்கள் சேர்க்கையைப் பொறுத்தவரை ஆசிய வம்சாவளியினரே மிகப் பெரிய பிரிவினர். ஃப்ரீமாண்டில் பாதிக்கு மேல், மில்பிடாசில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல். ஆனால் ஆசியர் என்ற அந்த ஒரு கட்டத்துக்குள் சீனர், இந்தியர், வியட்நாமியர், ஃபிலிப்பினோ என்று பல உலகங்கள் இருக்கின்றன. வடக்கே ஹேவர்டில் லத்தீன் அமெரிக்கக் குடும்பங்கள் மிகுதி. ஃப்ரீமாண்டின் சென்டர்வில் பகுதிக்கு ‘லிட்டில் காபூல்’ என்ற பெயர் 1980களிலிருந்து குடியேறிய ஆப்கானியர்களால் வந்தது.

உறுப்பினர்களில் எனக்கு முக்கியமாகப் படுபவர்களை மட்டும் சொல்கிறேன். பில் லாக்யர் 1980களின் தொடக்கத்திலிருந்து 1998 வரை இருந்தார். கடைசி நான்கு ஆண்டுகள் செனட்டின் தலைமைப் பொறுப்பில். நாம் வார இறுதியில் நடக்கிறோமே, வளைகுடாவைச் சுற்றிய அந்த நடைபாதை, அதற்கான சட்டத்தை 1987இல் கொண்டுவந்தவர் அவர். அடுத்து லிஸ் ஃபிகரோவா. ஜிமெயில் அறிமுகமான 2004இலேயே, பயனர்களின் கடிதங்களை விளம்பரத்துக்காகத் துழாவுவதை எதிர்த்து மசோதா கொண்டுவந்தார். தொகுதியில் எத்தனை பேர் அந்தத் துறையில் வேலை பார்த்தார்கள் என்று எண்ணிப் பார்த்தால் அது துணிச்சல்தான். பிறகு எலன் கார்பெட், பாப் வைகாவ்ஸ்கி.

கார்பெட் முன்பு சான் லியாண்ட்ரோ மேயராக இருந்தவர். அந்த ஊர் அப்போது 10ஆம் தொகுதியில் இருந்தது. 2011 வரைவில் அது ஓக்லாண்ட் பக்கத்து 9ஆம் தொகுதிக்குப் போய்விட்டது. தொகுதி எண் மாறாமல் இருக்கும், ஊர்கள் நழுவிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு வரைவிலும் நம் தொகுதி தெற்கு நோக்கி நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது.

2022இல் ஃப்ரீமாண்ட் மேயர் லில்லி மேயும் ஹேவர்ட் நகர மன்றத்திலிருந்த ஆயிஷா வஹாபும் மோதினார்கள். முதல்கட்டத்தில் முதலிரு இடம் பெறுபவர்கள் எந்தக் கட்சியானாலும் இறுதிக்குப் போகலாம் என்று 2010இல் விதி மாறியதால் இருவருமே ஜனநாயகக் கட்சியினராக இருந்தார்கள். கலிஃபோர்னியச் சட்டமன்றத்துக்குத் தேர்வான முதல் ஆப்கானிய வம்சாவளியினர் வஹாப். மறு ஆண்டே அவர் கொண்டுவந்த சாதிப் பாகுபாட்டுத் தடை மசோதா, எண் 403, செனட்டில் 34க்கு 1 என்று நிறைவேறியது. இரு அவைகளையும் கடந்தபின், ஏற்கனவே உள்ள சட்டங்களே போதும் என்று கூறி 2023 அக்டோபரில் ஆளுநர் நியூசம் அதைத் தடுத்தார். அந்த விவாதத்துக்குள் இங்கே போக வேண்டாம். தெற்காசியர் இவ்வளவு பேர் வாழும் தொகுதியிலிருந்து அந்த மசோதா கிளம்பியதில் வியப்பில்லை என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் இதே ஊர்களிலிருந்துதான் சாக்ரமெண்டோவுக்குப் பேருந்தேறினார்கள்.

பழைய கவுண்டிக்காரர்:

மாற்றுக் கருத்து ஒன்றைப் பதிவு செய்ய அனுமதியுங்கள். 422க்கு 1 என்ற கணக்கை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் கவுண்டி என்பது வரலாறும் நிர்வாகமும் உள்ள ஓர் அலகு. மருத்துவமனை, சிறை, பொதுநல உதவி, தேர்தல் அலுவலகம் எல்லாம் கவுண்டி வழியாகவே நடக்கின்றன. கவுண்டிக்கு ஒரு செனட்டர் என்றபோது மேற்பார்வையாளர் குழுவுக்கு யாரிடம் பேச வேண்டும் என்று தெரியும். வாக்காளருக்கும் அவர் பெயர் தெரியும். இன்று அலமீடா கவுண்டியின் தெற்குப் பகுதிக்காகப் பேசும் செனட்டர் சான்டா கிளாரா கவுண்டியின் வடக்குப் பகுதிக்காகவும் பேசுகிறார். இரு கவுண்டிகளும் ஒரே போக்குவரத்து நிதிக்குப் போட்டியிட்டால் அவர் எந்தப் பக்கம் நிற்பார்?

நீர் விவகாரத்தையும் சொல்ல வேண்டும். தண்ணீர் வடக்கில், மக்கள் தெற்கில் என்ற மாநிலத்தில், வடக்கின் சம்மதமில்லாமல் தெற்கு எதையும் செய்துவிட முடியாது என்ற பிடி பழைய செனட்டில் இருந்தது. மாநில நீர்த்திட்டத்துக்கான 1959ஆம் ஆண்டுச் சட்டம் அந்தச் செனட்டைத் தாண்டித்தான் வந்தது, பர்ன்ஸ்-போர்ட்டர் சட்டம் என்ற அதன் பெயரில் பாதி ஃபிரெஸ்னோ செனட்டர் ஹியூ பர்ன்சுடையது. பேரம் பேசி இணங்க வைத்த திட்டம் அது. வெறும் தலைக்கணக்கில் அமைந்த இரண்டு அவைகள் ஒன்றையொன்று நகலெடுக்கும். பிறகு இரண்டாவது அவை எதற்கு?

நைல்ஸ்காரர்:

உங்கள் கடைசிக் கேள்விக்கு எளிதாகப் பதில் சொல்ல முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். முடிந்தவரை இரண்டு கீழவைத் தொகுதிகளைச் சேர்த்து ஒரு செனட் தொகுதி என்று சட்டமே சொல்வதால், நகலெடுப்பதாக நீங்கள் சொல்வதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. ஆனால் வாக்காளருக்குச் செனட்டரின் பெயர் தெரியாமல் போனதற்குக் கவுண்டி எல்லை அழிந்ததைக் காரணமாக்குவதை நான் ஏற்கவில்லை. 60 லட்சம் பேருக்கு ஒரே செனட்டர் இருந்த லாஸ் ஏஞ்சலசில் எத்தனை பேர் அவரைப் பார்த்திருப்பார்கள்?

என் பார்வையில் நோய் 40 என்ற எண்ணில் இருக்கிறது. 1880 கணக்கெடுப்பில் மாநிலம் முழுவதற்கும் 8,64,694 பேர்; ஒரு செனட்டருக்கு 21,600 பேர் வரை. இன்று நம் 10ஆம் தொகுதி ஒன்றில் மட்டும் அன்றைய மாநிலம் முழுவதையும்விட அதிகம் பேர் வாழ்கிறார்கள். இடங்களின் எண்ணிக்கையை யாரும் தொடவில்லை. கலிஃபோர்னியாவுக்கு வாஷிங்டனில் 52 காங்கிரஸ் தொகுதிகள் இருப்பதால் காங்கிரஸ் உறுப்பினருக்கு 7.6 லட்சம் பேர். மாநில செனட்டருக்கோ அதைவிட இரண்டு லட்சத்துக்கும் மேல் கூடுதல். டெக்சாஸ் 31 இடங்களை வைத்துக்கொண்டு இதே நிலையில் திணறுகிறது. அலாஸ்காவில் 20 செனட்டர்கள், தலைக்கு 37 ஆயிரத்துக்கும் குறைவு. இடங்களை 80 ஆக்கினால் ஹேவர்டும் சான்டா கிளாராவும் தனித்தனித் தொகுதிகளில் விழும், கணக்குப்பிள்ளை சொன்ன மீதிச் சிக்கலும் பாதியாகும். ஆனால் அதற்கு அரசியலமைப்பைத் திருத்த வேண்டும். அரசியல்வாதிகளின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள் என்று வாக்காளரிடம் போய்க் கேட்கும் துணிவு எந்தக் கட்சிக்கும் வராது.

வரைபவர்கள் யார் என்று கேட்டிருந்தீர்கள். 2008 வரை சட்டமன்ற உறுப்பினர்களே தங்கள் தொகுதிகளை வரைந்துகொண்டார்கள். ஆளுநரோடு உடன்பாடு வராதபோது நீதிமன்றம் வரைந்தது. 1971இல் ஆளுநர் ரீகன் தடுத்ததால் 1973 வரைபடமும், 1991இல் ஆளுநர் வில்சன் தடுத்ததால் 1992 வரைபடமும் நீதிமன்றம் நியமித்த நிபுணர்கள் வரைந்தவை. எனக்குப் பெரிய முறைகேடாகத் தெரிவது 2001இல் இரு கட்சிகளும் சண்டையே இல்லாமல் வரைந்ததுதான். அவரவர் இடம் அவரவருக்கே என்று பங்கிட்டுக்கொண்டதில், 2004 தேர்தலில் காங்கிரஸ், செனட், கீழவை என்று போட்டிக்கு வந்த 153 இடங்களில் ஒன்றுகூடக் கட்சி மாறவில்லை.

அந்தக் கசப்பில்தான் 2008இல் 11ஆம் முன்மொழிவு வென்று, 14 பேர் கொண்ட குடிமக்கள் மறுவரையறை ஆணையம் வந்தது. அதில் ஜனநாயகக் கட்சியினர் ஐவர், குடியரசுக் கட்சியினர் ஐவர், இரண்டிலும் சேராதவர்கள் நால்வர். வரைபடம் நிறைவேற ஒன்பது வாக்குகள் வேண்டும், மூன்று பிரிவிலிருந்தும் தலா மூன்றாவது இருக்க வேண்டும். சம மக்கள்தொகை, வாக்குரிமைச் சட்டம், நிலத்தொடர்ச்சி ஆகியவற்றுக்குப் பிறகே கவுண்டியும் நகரமும் சமூகங்களும் வருகின்றன. பதவியிலிருப்பவரின் வீடு எங்கே என்று பார்க்கவே கூடாது. முதல் செனட் வரைபடத்தை எதிர்த்து 2012இல் 40ஆம் முன்மொழிவாக ஒரு வாக்கெடுப்பும் நடந்தது. மக்கள் வரைபடத்தை ஏற்றார்கள். இப்போதுள்ள எல்லைகள் 2021 டிசம்பரில் இரண்டாவது ஆணையம் முடித்தவை. 2025இல் 50ஆம் முன்மொழிவு மாற்றியது காங்கிரஸ் தொகுதிகளை மட்டுமே. நம் செனட் எல்லை அப்படியே இருக்கிறது.

பழைய கவுண்டிக்காரர்:

80 இடங்கள் என்றால் நான் கையெழுத்திடத் தயார். அப்போதும் கவுண்டி எல்லைக்கு இன்னும் சற்று மேலான இடம் தர வேண்டும் என்பேன்.

கணக்குப்பிள்ளை:

வளைகுடாவாசி அவர்களுக்கு நடைமுறைக் குறிப்பு ஒன்று. 2030 கணக்கெடுப்புக்குப் பிறகு 2031இல் எல்லைகள் மீண்டும் வரையப்படும். அப்போது உங்கள் பகுதி எதனோடு சேர வேண்டும் என்று கருத்துச் சொல்ல எந்தத் தகுதியும் தேவையில்லை, குடியுரிமைகூடத் தேவையில்லை. ஆணையம் கேட்பது இரண்டுதான்: உங்கள் சமூகம் எந்தத் தெருவிலிருந்து எந்தத் தெரு வரை, அதை இணைப்பது எது. எங்களைப் பிரிக்காதீர்கள் என்று மட்டும் எழுதுகிறவர்களின் மனுவால் கோடு நகர்வதில்லை. பள்ளி எல்லை, ரயில் நிலையம், கோயில், மருத்துவமனை என்று வரைபடத்தில் குறித்துத் தருகிறவர்களுக்குப் பயன் உண்டு.

ஆணையத்திலேயே உறுப்பினராக விரும்பினால் இப்போதிருந்தே கவனிக்க வேண்டியவை உண்டு. ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாமல் ஒரே கட்சியிலோ, கட்சி சாராமலோ வாக்காளராகப் பதிவாகியிருக்க வேண்டும். பதவிக்குப் போட்டியிட்டவர்களும் வேட்பாளருக்குப் பெருந்தொகை நன்கொடை கொடுத்தவர்களும் பத்து ஆண்டுகளுக்கு விலக்கப்படுவார்கள். மாநிலத் தணிக்கை அலுவலகம் விண்ணப்பங்களைச் சலித்து 60 பேரைத் தேர்ந்தெடுக்கும். சட்டமன்றத் தலைவர்கள் அதில் 24 பேர் வரை நீக்கலாம். எஞ்சியவர்களிலிருந்து எட்டுப் பேர் குலுக்கலில் வருவார்கள், அந்த எட்டுப் பேர் மீதி ஆறு பேரைத் தேர்ந்தெடுப்பார்கள். மேலும், கடைசி மூன்று மாநிலப் பொதுத் தேர்தல்களில் இரண்டிலாவது வாக்களித்திருக்க வேண்டும். அடுத்த ஆணையத்துக்கு அவை 2024, 2026, 2028 என்று வரும். 2024இல் தவறவிட்டவர்கள் மற்ற இரண்டில் ஒன்றைக்கூடத் தவறவிடக் கூடாது.